விடுபட்ட ஒரு டிக்

அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்களுக்கான போதைமருந்துப் பரிசோதனைக்கு சிறுநீர் மாதிரி வாங்கும் வேலையில் இருக்கிறேன். மாதிரி கைக்கு வந்த 4 நிமிடத்துக்குள் வெப்பநிலை பார்க்க வேண்டும். 90 முதல் 100 பாரன்ஹீட் இருக்க வேண்டும். ஒருநாள் பார்த்தேன், ஆனால் கஸ்டடி படிவத்தில், அதாவது மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பதியும் தாளில், வெப்பநிலைக்கான டிக் போடவில்லை. மறுநாள் கேள்வி வந்தது. பதறிப்போனேன், அது ஒருவருடைய பிழைப்பு அல்லவா! நடந்ததை உள்ளபடி எழுதி, கையெழுத்திட்டு அன்றே அனுப்பினேன். பரிசோதனை ரத்தாகவில்லை.

அப்புறம் வரிசையை மாற்றிக்கொண்டேன். டிக் போட்ட பிறகுதான் 30, 15 மில்லி என இரண்டு பாட்டில்களில் ஊற்றுவேன். சீல் ஒட்டியதும் ஓட்டுநர் கண்முன்னே தேதி எழுதி, அவருடைய முதலெழுத்துகளை வாங்குவேன். பாட்டில் எண்ணையும் படிவ எண்ணையும் சத்தமாகப் படிப்பேன். அவை பொருந்தாவிட்டால் எந்தக் கடிதமும் காப்பாற்றாது. என் நகலைத் தேதிவாரியாகக் கோப்பில் வைக்கிறேன்.