டொரொண்டோத் தோட்டத்துக்குக் கன்று வாங்கும்போது

ஏப்ரல் கடைசியில் வெயில் கொஞ்சம் எறித்தாலே நர்சரி வாசலில் தக்காளி, கத்தரிக் கன்றுகளை அடுக்கிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். டொரொண்டோவில் மே நடுப்பகுதியிலும் இரவில் உறைபனி விழலாம். மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை வரும் விக்டோரியா தினத்தை ஒட்டித்தான் இங்கே பலரும் தக்காளி நடுகிறார்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதுகூடப் பல வருடங்களில் முந்திய நாள்தான். இரவு வெப்பநிலை 12 பாகைக்குக் கீழே இறங்காத நிலை வரட்டும். குளிரில் நட்ட மிளகாய் சாகாவிட்டாலும் வாரக்கணக்கில் வளராமல் நிற்கும். கோவா, கேல், லெட்டூஸ் மட்டும் ஏப்ரல் கடைசியிலேயே மண்ணுக்குப் போகலாம்.

உயரமான கன்றையோ, பூவும் பிஞ்சுமாக நிற்பதையோ எடுக்காதீர்கள். சிறு சாடிக்குள் காய் பிடித்த கன்று வேர்விடத் தயங்கும். 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரம், பென்சில் தடிப்பில் தண்டு, கரும்பச்சை இலை: இது போதும். இலையைத் திருப்பி அசுவினி, வெள்ளை ஈ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, தண்டின் அடியைப் பிடித்துச் சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளை வேர் மண்ணைப் பிடித்திருந்தால் வாங்கலாம். பழுப்பு வேர் அடியில் வட்டமாகச் சுருண்டு, மண்ணே தெரியாமல் இருந்தால் வைத்துவிடுங்கள். கன்றின் பெயர் அட்டையில் உள்ள, அறுவடைக்கான நாள் கணக்கு, தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு, பொதுவாக நட்ட நாளிலிருந்து தொடங்குவது. 60 முதல் 75 நாள் வகைகளே இங்கே நம்பிக்கையானவை. அதற்கு மேல் போனால் செப்டெம்பர் குளிரில் காய் முற்றாமல் நின்றுவிடலாம்.

வாங்கிவந்த அன்றே நடுவதால்தான் அதிகம் கெடுகிறது. கண்ணாடிக்கூடத்துக்குள் வளர்ந்த இலைக்கு நேர் வெயிலும் காற்றும் பழக்கமில்லை. ஒரே மதியத்தில் வெள்ளைத் திட்டுகள் விழும். முதல் நாள் நிழலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். தினமும் நேரத்தைக் கூட்டி, காலை வெயிலிலிருந்து முழு வெயிலுக்குப் பழக்க 7 முதல் 10 நாள் வேண்டும். இரவில் உள்ளே எடுங்கள். வெளியில் காற்றுப்படும்போது சாடி விரைவில் காயும், தண்ணீரைக் கவனியுங்கள்.

நடுவதற்கு மப்பான நாளோ மாலையோ நல்லது. தக்காளியை மேல் இலைக் கொத்து மட்டும் தெரியும்படி ஆழமாகப் புதையுங்கள். புதைந்த தண்டெல்லாம் வேர்விடும். கத்தரியும் மிளகாயும் சாடியில் இருந்த ஆழத்திலேயே இருக்கட்டும். மண்ணோடு மக்கும் பீற் சாடியோடு நட்டால் விளிம்பை மண்ணுக்கு மேலே விடாமல் கிழித்து எறியுங்கள், அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். தக்காளிக்கு 60 சென்ரிமீற்றர், மிளகாய்க்கு 45 இடைவெளி. வெட்டுப்புழு இருக்கும் தோட்டமென்றால் தண்டைச் சுற்றி அட்டை வளையம் ஒன்றை 3 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள்.