ஹக்கும் ஜிம்மும்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர் சாட்ஸ்வர்த் வாசிப்பு வட்டத்துக்கு

மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் 43 அத்தியாயங்கள். வெள்ளைக்காரச் சிறுவன் ஹக்கும் தப்பியோடிய கறுப்பின அடிமை ஜிம்மும் தெப்பத்தில் ஆற்றோடு போகும் கதை. நட்பைப் பேச 15, 16, 31 போதும். எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம்.

முதலில் 15. மூடுபனியில் பிரிந்து திரும்பிய ஹக், நடந்ததெல்லாம் கனவு என்று ஜிம்மை ஏய்க்கிறான். ஜிம் மனம் நொந்து பேசியபின், மன்னிப்புக் கேட்க ஹக்குக்குக் கால்மணி நேரம் ஆகிறது. உங்கள் நேரத்தில் பாதியை இங்கேயே செலவிடுங்கள். ஜிம்மின் கொச்சை எழுத்தில் குழப்பும். சத்தமாக வாசித்தால் பிடிபடும்.

16-இல் தப்பியோடிய அடிமைகளைத் தேடி வருபவர்களிடம், தெப்பத்தில் இருப்பவன் வெள்ளையன் என்று ஹக் பொய் சொல்கிறான். 31-இல் ஜிம்மைக் காட்டிக்கொடுக்கத் தான் எழுதிய கடிதத்தைக் கிழிக்கிறான். ‘நல்ல பையன்’ என்று முடித்துவிடுவார்கள், விடாதீர்கள்: அடிமைமுறை தப்பு என்று அவன் நினைக்கவில்லை, ஜிம்முக்கு உதவுவதால் தான் நரகத்துக்குப் போவதாகவே நம்புகிறான்.

இனவசைச் சொல் 200 முறைக்கு மேல் வரும். வாய்விட்டுச் சொல்வதா, தாண்டுவதா என்பதை முன்னாடியே முடிவுசெய்யுங்கள். நடுவில் இந்தப் பேச்சு கிளம்பினால் கூட்டம் கலைந்துவிடும்.

இனவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் குடியிருக்க வைத்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டத்தால் இடம்பெயர்ந்த பெரியவர்கள் பழைய தெருவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். பத்து நிமிஷம் கேளுங்கள். பிறகு தெப்பத்துக்குத் திரும்புங்கள்.

ஹக்கின் நண்பன் டாம் சாயர் வரும் கடைசி அத்தியாயங்களை அடுத்த வாரத்துக்கு வையுங்கள். அங்கே ஜிம் வெறும் விளையாட்டுப் பொருள்; சண்டை நிச்சயம்.