ஒட்சிசனைக் கூட்டுவதற்கு முன்: முற்றிய நுரையீரல் நோயாளியை வீட்டில் பராமரித்தல்

வீட்டில் ஒட்சிசன் பிடிக்கும் ஒருவருக்கு மூச்சு முட்டினால், பக்கத்தில் இருப்பவரின் கை உடனே ஒட்சிசனைக் கூட்டும் குமிழுக்குத்தான் போகும். தயவுசெய்து வேண்டாம். சீஓபீடி எனப்படும் நாட்பட்ட சுவாசத்தடை நோய் முற்றிய பலருக்கு, ஒட்சிசன் மிஞ்சினால் காபனீரொட்சைட்டு வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கிவிடும். விரலில் மாட்டி இரத்த ஒட்சிசன் வீதத்தைப் பார்க்கும் ஒக்சிமீற்றர் 98 காட்டும், ஆள் தூங்கி வழிவார். இவர்களுக்கு வழமையாக 88 முதல் 92 வரை போதும். மற்ற நுரையீரல் நோய்களுக்கு இலக்கு வேறு. நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று வைத்தியர் சொன்ன அளவை பிளாஸ்டரில் எழுதி மெசினிலேயே ஒட்டிவையுங்கள்.

முட்டு வந்தால் படுக்க விடாதீர்கள். கதிரையில் இருத்தி, முன்னால் மேசையில் தலையணை வைத்து, இரண்டு கையையும் அதில் ஊன்றிச் சாயவிடுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, பிளேன்ரீயை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து நாலு எண்ணும்வரை மெல்ல விடட்டும். கூடவே நீங்களும் ஊதுங்கள், பயந்தவருக்கு அது பெரிய துணை.

அதற்குள் இன்னொருவர் குழாயைப் பார்க்கட்டும். கட்டில் காலுக்குள் நசிந்திருக்கும், அல்லது ஈரப்பதப் போத்தலின் மூடி இறுகாமல் காற்று கசியும். குழாயின் மூக்கில் செருகும் முனையை ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடியுங்கள். குமிழி வராவிட்டால் ஒட்சிசன் வரவில்லை.

பிறகு இன்ஹேலர். நன்றாகக் குலுக்கி, ஸ்பேசர் எனப்படும் பிளாஸ்டிக் குழலில் பூட்டி, ஒரு முறை மட்டும் அழுத்தி, நாலைந்து மூச்சு எடுக்க விடுங்கள். அரை நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. இரண்டை ஒன்றாக அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிப்போகும். கழுவிய ஸ்பேசரைத் துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். ஸ்டீரொயிட் இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வேளாண்மை வெட்டும் காலத் தூசும், கச்சான் காற்றின் புழுதியும் இவர்களை வாட்டும். அந்த நேரம் வயல் பக்க யன்னலைச் சாத்துங்கள். விறகடுப்பு, சாம்பிராணி, நுளம்புச் சுருள் எதுவும் அந்த அறையில் வேண்டாம். ஒட்சிசன் ஓடும் இடத்திலிருந்து மூன்று மீற்றருக்குள் திரி விளக்கும் எரியக்கூடாது. மூக்கு காய்ந்தால் வஸ்லீன் பூசாதீர்கள், தீப்பற்றலாம். தண்ணீர் சார்ந்த ஜெல்லே பாதுகாப்பு.

கரண்ட் போனால், காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் மெசினான கொன்சன்ட்ரேட்டர் நின்றுவிடும். 680 லீற்றர் நிரம்பிய சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் ஐந்தரை மணித்தியாலம் வரும். மாரிக்கு முன்பே நிரப்பி வையுங்கள்.

உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாவிட்டால், 88க்குக் கீழேயே நின்றால், எழுப்பியும் குழம்பிப் பேசினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வரும்வரை ஒட்சிசனைக் கழற்ற வேண்டாம். எத்தனை லீற்றர் ஓடுகிறது என்பதை வந்தவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.