பார்க்ஸ் முறையில் பலரும் சறுக்கும் இடங்கள்

துத்தநாகத்தைச் சேர்த்துக் காரீயத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் பார்க்ஸ் முறையைப் படிக்கும்போது முதல் குழப்பம் பெயரிலேயே வந்துவிடுகிறது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், இங்கே பேசுவது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள்.

பெரிய தவறு இதற்கு அடுத்தது. "துத்தநாகம் வெள்ளியை இடப்பெயர்ச்சி செய்கிறது" என்று தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அது வெள்ளி சேர்மமாகக் கரைந்திருக்கும் சயனைடு கரைசலில் நடக்கிற வேலை. இங்கே வெள்ளி ஏற்கெனவே உலோகமாகத்தான் காரீயத்தில் கரைந்து கிடக்கிறது, அதற்கு வேண்டியது இருக்க வசதியான வேறு இடம், அவ்வளவுதான். உருகிய துத்தநாகமும் காரீயமும் பெரும்பாலும் எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்து நிற்பவை, நல்ல சூட்டில் கொஞ்சம் மட்டும் கரையும். வெள்ளியோ காரீயத்தைவிடத் துத்தநாகத்தில் 300 மடங்கு நன்றாகக் கரையும் என்று பாடநூல்கள் கணக்குச் சொல்கின்றன. அலெக்சாண்டர் பார்க்ஸ் 1850-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது இதை வைத்துத்தான். அதற்கு முன்பு பேட்டின்சன் முறையில் காரீயத்தைத் திரும்பத் திரும்ப உருக்கிப் படிகமாக்கிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாடு.

துத்தநாகத்தைப் போட்டுக் கிளறியதுமே வெள்ளி மேலே வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. காரியமே ஆறவிடுவதில்தான் இருக்கிறது. சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடான காரீயத்தில் துத்தநாகத்தைக் கரைத்து, காரீயம் உறையும் 327 டிகிரிக்குச் சற்று மேல் வரை மெதுவாக ஆறவிட்டால், வெள்ளியும் துத்தநாகமும் சேர்ந்த ஏடு, காரீயத்தைவிட எடை குறைவு என்பதால், பாலாடை மாதிரி மேலே படியும். அதைத்தான் வழித்தெடுக்கிறார்கள்.

அந்த ஏட்டை வெள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். துத்தநாகமும் ஒட்டிவந்த காரீயமும் அதில் நிறைய இருக்கும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிப்பதால் அதை வாலையில் வடித்துத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் மிச்சத்தைக் காற்றுப்படப் புடமிட்டால் காரீயம் மிருதாரசிங்கியாக, அதாவது காரீய ஆக்சைடாகக் கழன்று வெள்ளி தங்கும்.

முன்வேலையைப் பலர் மறந்தேபோகிறார்கள். செம்பு, ஆர்செனிக், ஆண்டிமனி இவற்றை முதலிலேயே நீக்கியிருக்க வேண்டும். செம்பு மிஞ்சியிருந்தால் வெள்ளிக்கு வைத்த துத்தநாகத்தை அது தின்றுவிடும். சரி, வெள்ளி போன காரீயமாவது சுத்தமா? இல்லை, அதில் அரை சதவீதம் அளவுக்குத் துத்தநாகம் கரைந்தே நிற்கும், அதை வெற்றிடத்தில் சூடாக்கி எடுக்க வேண்டும்.

பழைய பேட்டரியை உடைத்து வீட்டு அடுப்பில் இதை முயலவே முயலாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத காரீயத் தூசு தரையிலும் துணியிலும் படிந்து, தவழுகிற குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போய் மூளையைப் பாதிக்கும். ஈரக் கரண்டி ஒன்று உருகிய உலோகத்தில் பட்டால் போதும், தண்ணீர் நொடியில் ஆவியாகி மொத்தத்தையும் முகத்தில் அடிக்கும்.