லீஃப் ஸ்பிரிங் போல்ட்டை கார் தரையில நிக்கும்போது டைட் பண்ணுங்க

பழைய மஸ்டாங், கமாரோ மாதிரி வண்டில பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையா அடுக்கின ஸ்பிரிங்), புஷ் (அதோட முனையில இருக்கிற ரப்பர் உருளை) எல்லாம் புதுசா மாத்துறீங்கன்னா, முன் ஐ (ஸ்பிரிங்கோட முன் முனை வளையம்) போல்ட்டையும் ஷேக்கிள் (பின் முனையைப் பாடியோட சேர்க்கிற, ஆடுற இணைப்பு) போல்ட்டையும் வண்டி ஜாக்ல தொங்கும்போது ஃபுல்லா டைட் பண்ணாதீங்க. நட்டை கையால ஓட்டி விட்டுட்டு, வண்டியோட முழு வெயிட்டும் ஸ்பிரிங் மேல இறங்கினப்புறம்தான் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து டைட் பண்ற ஸ்பேனர்) எடுக்கணும்.

ஏன்னா ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுத்தாது. போல்ட் இறுகினதும் உள்ள இருக்கிற ஸ்டீல் ஸ்லீவ் பிராக்கெட்டோட பிடிச்சுக்கும், அப்புறம் ஸ்பிரிங் அசையுற அசைவெல்லாம் ரப்பர் முறுக்கித்தான் நடக்கணும், ஸோ தொங்குற நிலையில இறுக்கிட்டா வண்டி சும்மா நிக்கும்போதே அது முறுக்கின மாதிரிதான் இருக்கும், ஓரத்துல சின்னச் சின்னதா வெடிப்பு விழுந்து சீக்கிரம் கிழிஞ்சிரும், பின்பக்கம் கொஞ்சம் தூக்கினாப்லயும் நிக்கும். இதைப் பாத்துட்டு ஸ்பிரிங்கே தப்புன்னு திருப்பி அனுப்புறவங்க இருக்காங்க, பாவம்!

லிஃப்ட் வேணும்னு இல்ல. பின் ஆக்சில் ட்யூபுக்கு அடியில ரெண்டு பக்கமும் ஆக்சில் ஸ்டாண்ட் வெச்சு பாடியை இறக்கினாலே போதும், முன்சக்கரத்துக்கு கட்டை வெச்சுருங்க, ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகவே போகாதீங்க. 1964–72 ஷெவர்லே செவெல் கார்ல பின்னாடி காயில் ஸ்பிரிங்தான், ஆனா கன்ட்ரோல் ஆர்ம்ல (ஆக்சிலை வண்டியோட பிடிச்சிருக்கிற கை) ரப்பர் புஷ்ஷுன்னா இதே கதைதான்.

பாலியூரித்தேன் புஷ்ஷோ ஸ்பெரிக்கல் பேரிங்கோ போட்டிருந்தா இது அவ்வளவு முக்கியமில்ல, அது சுத்துற டைப். பாலிக்கு கிரீஸ் மட்டும் நல்லா தடவுங்க, இல்லன்னா கீச் கீச்சுன்னு கத்தும்.