கலியாண வீட்டிலிருந்து நெடும்பயணம்: யாழ்ப்பாணத்துப் புதுமணத் தம்பதியருக்குச் சில வழிமுறைகள்

யாழ்ப்பாணத்துக் கலியாணம் ஒரு நாளில் முடிவதில்லை. தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கலில் தொடங்கி, தாலிகட்டு, மணமக்கள் வீடு மாறிப்போகும் கால்மாறுதல், நாலாம் நாளுக்குரிய நாலாஞ்சடங்கு என்று நீண்டு, அதன் பின்னும் இரு பக்கத்து உறவினரின் விருந்து அழைப்புகளாகத் தொடர்கிறது. இவற்றுக்கு நடுவே பயணத்தை எங்கே வைப்பது என்பதுதான் முதலில் தீர்க்கவேண்டிய காரியம். நானும் மனைவியும் அதைத் தவறாகத் தீர்த்தோம். தாலிகட்டிய மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு, இரண்டு இரவு தூங்காத கண்களோடு வான் வண்டியில் ஏறினோம். மாங்குளம் வருமுன்னரே அவருக்குத் தலைசுற்றியது. தம்புள்ளையைத் தாண்டும்போது எனக்குக் காய்ச்சல். நுவரெலியாவில் ஒதுக்கியிருந்த மூன்று நாட்களில் இரண்டைப் போர்வைக்குள்ளேயே கழித்தோம்.

ஆகவே, நாலாஞ்சடங்கு முடிந்து குறைந்தது இரண்டு நாள் ஓய்வெடுத்த பின்னரே புறப்படுங்கள். மாப்பிள்ளை கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ மூன்று வார விடுமுறையில் வந்திருந்தால் அந்த இரண்டு நாளையும் இழக்க மனம் வராது என்பது தெரியும். ஆனால் திரும்பிப் போகும் விமானத்துக்கு முந்தைய நாள் வரை சுற்றிக்கொண்டிருப்பதைவிட, தொடக்கத்தில் இரண்டு நாளும் முடிவில் இரண்டு நாளும் வீட்டில் இருந்துவிட்டு, இடையில் உள்ள ஐந்து நாளில் ஒரே ஊருக்குப் போய்வருவது மேலானது. விசா வரும்வரை மாதக்கணக்கில் பிரிந்திருக்கப் போகிறவர்களுக்கு நான்கு ஊர்களில் எடுத்த ஒளிப்படங்களைவிட, அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதே கைகொடுக்கும்.

அடுத்தது, யார் யார் போவது. நமது ஊரில் வான் பிடித்தால் அதில் வெற்றிருக்கை விடுவது வீண்செலவு என்று கருதும் பெரியவர்கள் உண்டு. சித்தி, அவருடைய பிள்ளைகள், கடைசியில் சமையலுக்கு ஒருவர் என்று வான் நிறைந்துவிடும். முகத்தில் அடித்தாற்போல மறுக்கவேண்டியதில்லை. ஒரு முழுநாளை உறவினர்களுக்கென்று ஒதுக்கி, எல்லோரையும் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். குறிகாட்டுவானில் படகேறி, தரிசனம் முடித்து, மதியம் அன்னதானத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்பினால் அனைவருக்கும் மனம் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் தனியே புறப்படும்போது எவரும் குறைசொல்ல மாட்டார்கள். மனைவியின் ஒன்றுவிட்ட தங்கையின் கலியாணத்தில் இந்த உபாயம் பலித்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எங்கே போவது என்பதை ஆசையைவிடக் கலியாண மாதமே தீர்மானிக்கவேண்டும். தை மாதத்தில் மணமுடித்தவர்களுக்கு மலைநாடும் தென்கரையும் பொருந்தும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தை, மாசி இரவுகளில் குளிர் கடுமையாக இருக்கும். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு ஒரு கம்பளிச் சட்டை போதாது, காதை மூடும் தொப்பியும் காலுறைகளும் வேண்டும். வைகாசியிலும் ஆவணியிலும் மணமுடித்தவர்கள் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலைநாட்டுக்குப் போய் மூடுபனியையும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துக்கொண்டிருப்பதைவிடத் திருகோணமலைக்கோ பாசிக்குடாவுக்கோ போகலாம். அந்த மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மணமக்களுக்கு வடக்கிலும் கிழக்கிலும் அடைமழை என்பதால் கடற்கரைத் திட்டமே வேண்டாம்.

திருகோணமலையைப் பற்றி ஒரு குறிப்பு. கோணேசர் கோவிலும் நிலாவெளிக் கடற்கரையும் புதுமணத் தம்பதியருக்கு மிகவும் ஏற்றவை. ஆனால் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவதாக வீட்டில் சொன்னால் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்; இராவணன் தன் தாயாருக்கு இறுதிக்கடன் செய்த இடம் என்ற ஐதீகமும், இன்றும் அங்கே இறந்தோருக்கான அந்தியேட்டிக் கிரியைகள் நடப்பதும் அதற்குக் காரணம். நம்பிக்கை உங்களுக்கு இருக்கிறதோ இல்லையோ, புதுத்தாலியோடு அங்கே போய்வந்த செய்தி மாமியார் காதில் விழுவதற்கு முன் யோசித்துக்கொள்வது நல்லது.

வாகனத் தெரிவில் எனது வாக்கு புகையிரதத்துக்கே. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரத சேவை 2014 ஒக்டோபரில் மீண்டும் தொடங்கியது. மலைநாட்டுக்குப் போகிறவர்கள் கொழும்பு வரை போகவேண்டியதில்லை. பொல்காவலைச் சந்தியில் இறங்கி, பதுளை நோக்கிச் செல்லும் வண்டியில் ஏறி, நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா அருகில்தான். ஆனால் அந்தப் பதுளை வண்டியில் முன்பதிவு இல்லாமல் இருக்கை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வெளிநாட்டுப் பயணிகள் அந்தப் பாதைக்கு அலைமோதுகிறார்கள். முன்பதிவு திறக்கும் நாளிலேயே இருக்கைகள் தீர்ந்துவிடுவதும் உண்டு. கலியாண அழைப்பிதழ் அச்சிடக் கொடுக்கும்போதே இதற்கும் ஒருவரைப் பொறுப்பாக்கிவிடுங்கள். மலைப்பாதை மழையினால் தடைப்பட்டிருக்கிறதா என்பதையும் புறப்படும் முன் விசாரியுங்கள்.

வானில்தான் போவது என்றால், ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி 321 கிலோமீற்றர். அதற்கப்பால் நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர்தான் என்றாலும், அத்தனையும் வளைவும் ஏற்றமும். இரண்டையும் ஒரே நாளில் ஓடி முடிக்கச் சொல்லி ஓட்டுநரை நெருக்காமல், கண்டியிலோ மாத்தளையிலோ ஓர் இரவு தங்குங்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் பிரதான வீதியிலேயே இருப்பதால் காலைத் தரிசனமும் ஆகிவிடும். கலியாண வீட்டில் நாள் முழுதும் ஆட்களை ஏற்றி இறக்கிய அதே ஓட்டுநரை மறுநாள் விடியற்காலையில் நெடும்பயணத்துக்கு எழுப்பாதீர்கள். ஹபரணையிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் வீதியில் யானைகள் நடமாடுவதால், பொழுது சாய்வதற்குள் அதைக் கடந்துவிடவேண்டும். இரவுச் சொகுசுப் பேருந்து மலிவானதும் விரைவானதுமாகும். ஆனாலும் முதற்பயணத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி நகை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் பயணம் முழுவதும் பெண்ணின் மனத்தை அழுத்திக்கொண்டிருப்பது இதுதான். நமது வழக்கத்தில் தாலிக்கொடி ஒற்றைப்படைப் பவுணில் செய்யப்படும். பதினொரு பவுண் கொடி என்றால், பவுணுக்கு 8 கிராம் வீதம் 88 கிராம் தங்கம் ஒரு கழுத்தில் தொங்குகிறது. அதோடு புகையிரத யன்னலோரத்தில் கண்ணயர முடியுமா? கதவுக்கருகே ஒருவர் வந்து நின்றாலே கை தானாகச் சேலைத்தலைப்புக்குப் போய்விடும். தாலியை மட்டும் மெல்லிய சங்கிலியில் கோர்த்து அணிந்து, கொடியை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போவதே அறிவுடைமை. ஆனால் கொடியைக் கழற்றுவது சில வீடுகளில் பெரும் பேச்சாகிவிடும். அதனால் இந்தக் கதையைக் கலியாணத்துக்கு முன்னரே, மணமகன் தன் தாயாரிடம் எடுக்கவேண்டும். புதிதாக வந்த மருமகள் வாசலில் பையோடு நின்றுகொண்டு கேட்கும்படி விடக்கூடாது. "அம்மா, வழியிலை கள்ளர் பயம், கொடியை உங்களிட்டைத் தந்திட்டுப் போறம்" என்று மகன் சொன்னால், பொறுப்பு தன்னிடம் வந்ததில் அந்தத் தாய்க்கும் ஒரு பெருமிதம் உண்டாகும். வங்கி சனி, ஞாயிறு திறந்திராமல் போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். கூறைச்சேலையும் பாரமான கல் நகைகளும் வீட்டிலேயே இருக்கட்டும். கலியாணத்தில் கிடைத்த கடித உறைகளைப் பிரிக்காமல் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றை எண்ணி, பெயர் எழுதி, பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பெட்டி ஆளுக்கொன்று போதும். உணவைப் பொறுத்தவரை, கலியாணப் பலகாரம் எப்படியும் மிஞ்சியிருக்கும். பயத்தம்பணியாரமும் பருத்தித்துறை வடையும் பல நாள் கெடாது, அரியதரம் எண்ணெய் கசியும் என்பதால் தனியாகச் சுற்றுங்கள். மலைப்பாதையில் சத்தி (வாந்தி) வரக்கூடியவர்கள் வெறுவயிற்றோடும் ஏறக்கூடாது, வயிறு முட்டவும் சாப்பிடக்கூடாது. இரண்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, வைத்தியரிடம் கேட்டு வாங்கிய குளிசையைப் புறப்படும் முன்பே போட்டுக்கொண்டு, கையில் ஒரு தேசிக்காயை வைத்திருங்கள். அதன் தோலை நகத்தால் கீறி முகர்வது என் மனைவிக்குக் குளிசையைவிட நன்றாக வேலை செய்தது.

ஆவணங்களில் இருவரது தேசிய அடையாள அட்டைகளும் கட்டாயம் வேண்டும். விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதியொன்றும் இருந்தால் விடுதியில் வீண்பேச்சு இராது. பலாலியிலிருந்து விமானத்திலோ காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலிலோ தமிழகம் போவதானால், பெண்ணின் கடவுச்சீட்டில் தந்தையின் பெயரோடு எப்படி இருக்கிறதோ அப்படியே பயணச்சீட்டிலும் விசாவிலும் இருக்கவேண்டும். புதுக்கணவன் ஆசையாகத் தன் பெயரைச் சேர்த்துப் பதிவுசெய்தால் கருமபீடத்தில் நின்று தவிக்க நேரும். கப்பல் சேவை காலநிலையைப் பொறுத்து நிறுத்தப்படுவதுண்டு. திரும்பிவரும் நாளை இறுக்கமாக வைக்காதீர்கள்.

நேரம் பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதிகாலையில் புறப்பட்டால் இராகுகாலம் குறுக்கே வராது. கிழமைகளில் மிக முந்தியதான திங்கட்கிழமை இராகுகாலமே ஏழரைக்குத்தான் தொடங்குகிறது. அந்தந்தக் கிழமையில் பயணத்துக்கு ஆகாத திசையான சூலம்தான் சிக்கல். வியாழக்கிழமை தெற்கே சூலம் என்கிறது பஞ்சாங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து இலங்கையின் எந்த மூலைக்குப் போவதென்றாலும் தெற்கே போகாமல் முடியாது. வியாழனை விட்டுவிடுங்கள். விடமுடியாவிட்டால், முதல்நாள் நல்ல நேரத்தில் ஒரு பையை அயல்வீட்டில் வைத்துவிட்டு, மறுநாள் அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகும் பழைய வழி ஒன்று இருக்கிறது.

வானில் போகிறவர்கள் எவ்வளவு அவசரமானாலும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கவே நிற்பார்கள். ஓட்டுநர் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, விபூதியை வானின் முன்கண்ணாடியிலும் ஒரு கீற்றுப் பூசுவார். அந்தப் பத்து நிமிடத்தில் கால்களை நீட்டி நடந்துவிட்டு வாருங்கள். அடுத்து வசதியான கழிப்பறைக்கு வவுனியா வரை காத்திருக்க நேரலாம்.

கச்சானை (நிலக்கடலையை) போகும்போது வாங்காதீர்கள், ஈரக்குளிரில் நமுத்துவிடும். திரும்பி வரும்போது அதே முறிகண்டியில், மணலில் வறுத்த சூட்டோடு வாங்கவேண்டும். இருவர் வீட்டுக்கும் ஒவ்வொரு பொதி, நயினாதீவுக்கு வந்த சித்திக்கு ஒன்று, பையை வைத்திருந்த அயல்வீட்டுக்கு ஒன்று, இவற்றோடு எண்ணாத ஒரு வீடு எப்போதும் நினைவுக்கு வரும் என்பதால் இரண்டு பொதி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.