ஜெட் எரிபொருளில் மெர்கப்டன்: டாக்டர் சோதனையைச் செய்வது எப்படி?

ஜெட் ஏ-1 எரிபொருளின் கந்தகத்துக்கு இரண்டு வரம்புகள் உண்டு. மொத்தக் கந்தகம் நிறையில் 0.30 சதவீதம் வரை இருக்கலாம். மெர்கப்டன் எனப்படும் நாற்றமுள்ள கந்தகச் சேர்வைகளில் உள்ள கந்தகமோ 0.003 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மெர்கப்டன் நாற்றத்தோடு நிற்பதில்லை, ரப்பர் வளையங்களையும் காட்மியப் பூச்சையும் அரிக்கும். அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

மொத்தக் கந்தகத்தை எக்ஸ்-கதிர்க் கருவி சொல்லிவிடும். மெர்கப்டனைக் கண்ணாலேயே பிடிக்கும் பழைய முறைதான் டாக்டர் சோதனை. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடத்தில் பணிபுரிய விரும்பும் கொழும்பு மாணவர்கள் முதலில் இதைக் கற்க வேண்டும் என்பேன்.

கையுறை, கண்ணாடி அணியுங்கள். அருகில் சுவாலை கூடாது. டாக்டர் கரைசல் என்பது சோடியம் பிளம்பைற்று, அதாவது ஈயச் சேர்வை. கழிவைத் தனிப் போத்தலில் சேர்த்து ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அது கால்வாய் வழியே கடலில் கலக்க நாம் இடங்கொடுக்கவே கூடாது.

மூடி பொருந்திய கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலீற்றர் எரிபொருளும் 5 மில்லிலீற்றர் டாக்டர் கரைசலும் எடுத்து, 15 விநாடி பலமாகக் குலுக்குங்கள். உடனே கருமை தோன்றினால் ஐதரசன் சல்பைட்டு இருக்கிறது. புதிய மாதிரியில் அதை நீக்கிய பிறகே தொடர வேண்டும்.

கருமை இல்லையென்றால் உலர்ந்த கந்தகத் தூளைச் சிட்டிகையளவு தூவுங்கள். இரு திரவங்களும் சந்திக்கும் மட்டத்தில் அது மெல்லிய படலமாக மிதந்தால் போதும். கை தாராளமானால் மஞ்சள் நிறமே எல்லாவற்றையும் மறைத்துவிடும். மீண்டும் 15 விநாடி குலுக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வையுங்கள். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து அந்தப் படலத்தைப் பாருங்கள். மஞ்சள் மாறாதிருந்தால் எரிபொருள் தேறியது. செம்மஞ்சள், கபிலம், கறுப்பு என்று மாறினால் மெர்கப்டன் இருக்கிறது. உருவான ஈய சல்பைட்டுதான் அந்தக் கருமை. எவ்வளவு என்று அறிய வெள்ளி நைத்திரேற்றால் நியமிப்புச் செய்ய வேண்டும்.

நீக்குவது எப்படி? மெரொக்ஸ் முறையில் காரமும் காற்றும் கொபால்ற்று ஊக்கியும் மெர்கப்டனை டைசல்பைட்டாக மாற்றுகின்றன. ஜெட் எரிபொருள் போன்ற மண்ணெண்ணெய் வகையில் அந்த டைசல்பைட்டு எரிபொருளிலேயே தங்கிவிடும். ஆகவே டாக்டர் சோதனையில் தேறிய அதே மாதிரியை எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்தால் மொத்தக் கந்தகம் முன்போலவே காட்டும், கருவியைச் சந்தேகிக்காதீர்கள். கந்தகத்தையே வெளியேற்ற, 300 பாகை செல்சியசுக்கு மேல் ஐதரசனும் கொபால்ற்று-மொலிப்டினம் ஊக்கியும் வேண்டும்.